மூன் கிளிப்பில் ஒட்டிய அட்சதை

நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு விளையாட்டில் இறங்குபவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். விளையாட்டு வருகிறதோ இல்லையோ, அதற்கான சாமான்கள் முதலில் வீட்டுக்கு வந்துவிடும். நீச்சல் கற்கப் போன முதல் வாரமே நான் மூன்று கண்ணாடி வாங்கினேன். (இன்றுவரை நான்கடி ஆழத்தைத் தாண்டியதில்லை.) அதற்கடுத்த பைத்தியம்தான் துப்பாக்கி சுடுதல்.

பதற வேண்டாம். முறையான கிளப். துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேயே இருக்கும், வீட்டுக்கு வராது. ஆனாலும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து, அபிராமபுரத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் பார்க்கிங் சண்டைக்கு என்னிடம் ஒருவரும் வருவதில்லை.

அங்கே எனக்குத் தோழியானவள் நஸ்ரீன். திருவல்லிக்கேணியில் தையல் கடை வைத்திருப்பவள். மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ரிவால்வர் பிரிவுக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள் என்றதும், மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர். ஆறு சுட வேண்டும், மறுபடி நிரப்பி இன்னும் ஆறு சுட வேண்டும், எல்லாம் நேரக் கணக்கில். குறியில் இருவரும் சமம். ஆகவே யார் சீக்கிரம் நிரப்புகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் லெமன் அண்ட் ஸ்பூனுக்குக்கூட என்னைச் சேர்த்ததில்லை. பேர் போட்ட பனியனோடு ஒரு தடவையாவது மைதானத்தில் நடந்துவிட வேண்டும் என்று வெறி.

நஸ்ரீன் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நிதானத்தில் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடுவாள். நான் சாமான் வாங்கினேன். முதலில் ஸ்பீட் லோடர். அது ஆறு தோட்டாவையும் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். குமிழைத் திருகினால் ஆறும் ஒன்றாக உள்ளே இறங்கும். நான் திருகினால் ஆறும் ஒன்றாகத் தரையில் இறங்கின. சரி என்று மூன் கிளிப்புக்கு மாறினேன். அது மெல்லிய இரும்பு வளையம். தோட்டாக்களை அதில் மாட்டி, வளையத்தோடு அப்படியே ரிவால்வரின் ஆறு ஓட்டைச் சிலிண்டருக்குள் போட்டுவிடலாம். அதற்கேற்ற ரிவால்வர் ஒன்று கிளப்பில் இருந்தது. வீட்டில் பிளாஸ்டிக் டம்மிகளை மாட்டி, டூத்பிரஷ் ஸ்டாண்டின் ஓட்டைகளில் இறக்கிப் பழகினேன்.

"பல்லு தேய்க்கவாவது விடுவியா?" என்று கேட்டார் என் கணவர் ரவி.

தேர்வு விஜயதசமி காலையில் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் ஆயுத பூஜை. என் பெண் திவ்யா லேப்டாப்பை வைத்தாள், இவர் ஸ்கூட்டர் சாவியை வைத்தார். என்னிடமோ, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நிஜமாகவே ஆயுதத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது. விடுவேனா? இரண்டு கிளிப்புக்கும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கை நிறைய அட்சதை போட்டேன்.

"கொஞ்சமா வைம்மா. அது சாமி இல்ல, ஸ்பேர் பார்ட்டு."

"நீ உன் லேப்டாப்பைப் பாருடி."

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை. காலையில் எடுத்தபோது சந்தனம் சிமெண்டாகியிருந்தது. துடைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தேர்வுக்குக் கிளம்புகிற நேரத்தில் பூஜைச் சந்தனத்தைத் துடைப்பதாவது! அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய், அங்கே தோட்டாக்களை மாட்டினேன்.

முதல் ஆறும் அருமையாகப் போயின. காலிகளைத் தட்டிவிட்டு இரண்டாவது கிளிப்பை இறக்கினேன். குங்குமம் பொடியாகப் பறந்தது. சிலிண்டரை மூடினேன். மூடவில்லை. அமுக்கினேன், வேண்டினேன், அசையவில்லை. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். மணி அடித்துவிட்டது. அடுத்த நொடி, முதலுதவிப் பெட்டியோடு ஒருவர் என்னை நோக்கி ஓடி வந்தார்.

"ரத்தம் இல்லைங்க, குங்குமம்" என்றேன். அதற்கு ரத்தமே வந்திருக்கலாம்.

தேர்வை நடத்திய ஏகாம்பரம் சார், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், ரிவால்வரை வாங்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, கிளிப்பின் அடியில் நோண்டினார். மஞ்சள் தடவிய ஒரே ஒரு அரிசி. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

"இன்னாமா இது? சுட வந்தியா, கண்ணாலம் கட்ட வந்தியா?"

அடுத்து வந்த நஸ்ரீன் ஒவ்வொன்றாகப் போட்டு, பன்னிரண்டையும் நேரத்துக்குள் சுட்டு முடித்தாள். நான் ஏகாம்பரம் சாரிடம் ஓடினேன்.

"சார், இது என் தப்பில்ல சார், அரிசி!"

"இன்னொரு சான்ஸ் குடுங்க சார்" என்றாள் நஸ்ரீன். "அரிசியால ஜெயிச்சேன்னு நான் எப்படி வெளிய சொல்லுவேன்? ஆனா ஏய், அந்த வளையத்த எனக்கும் தரணும். நானும் போட்டுப் பாக்கறேன்."

அவள் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. பெருந்தன்மை பொங்கக் கிளிப்புகளைக் கழுவித் துடைத்து, எப்படி மாட்டுவது என்று வகுப்பும் எடுத்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

முதலில் நான். கிளிப் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்படி ஒரு சுற்றை நான் அதற்கு முன்பும் சுட்டதில்லை, பின்பும் சுட்டதில்லை. பனியனில் என் பேரை எந்த நிறத்தில் போடச் சொல்லலாம் என்று நினைத்தபடி ரிவால்வரைக் கொடுத்தேன்.

பிறகு நஸ்ரீன். அதே ரிவால்வர், அதே கிளிப். கொக்கி வைத்துப் பழகிய விரல், குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தில் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முடித்துவிட்டாள்.

"அடிப்பாவி, இவ்ளோ ஈஸியா இருக்கே! முன்னாடியே குடுத்திருக்கலாம்ல?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளைப் பிடித்திருந்ததால் இன்னும் அதிகமாக எரிந்தது.

வீட்டுக்கு வந்து பாதிக் கதையைத்தான் சொன்னேன், அரிசி வரைக்கும். நல்ல வரவேற்பு. ஒரு அரிசி என் தலையெழுத்தையே மாற்றிவிட்டதென்று இவர் ஊரெல்லாம் சொன்னார். அத்தை பெண் கண்கலங்கினாள். இரண்டு வருடம் அந்த அரிசியை வைத்தே அனுதாபம் சம்பாதித்தேன்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை நஸ்ரீன் மாநிலப் போட்டியில் வாங்கிய வெண்கலப் பதக்கத்தோடு சாப்பிட வந்தாள். திவ்யா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாவம் அம்மா. அன்னிக்கு அந்த அரிசி மட்டும் இல்லன்னா..." என்றாள்.

"அரிசியா?" என்றாள் நஸ்ரீன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அதான் கழுவிட்டு மறுபடியும் சுட்டாளே!"

திவ்யா பதக்கத்தை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குச் சாக்கு சொல்லும் உரிமை பறிபோய்விட்டது. ஆபீசுக்குத் தாமதமானதற்கு மெட்ரோ பள்ளத்தைக் குறை சொன்னாலும் சரி, தோசை பிய்ந்ததற்குக் கல்லைக் குறை சொன்னாலும் சரி, திவ்யா போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறாள்:

"அரிசியாம்மா? இல்ல நஸ்ரீன் ஆன்ட்டியா?"