எம்.எல்.ஏ. வீட்டுக் கவர் சாமியார்

பட்ஜெட் கூட்டத்தொடர் முடிய இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. சென்னையில் அமைச்சர்கள் நாளொரு மானியக் கோரிக்கையாக நிறைவேற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்தில் எம்.எல்.ஏ. விருத்தாசலத்தின் வீட்டு வாசலில் ஜனம் தெருமுனை வரை நின்றது. எம்.எல்.ஏ.வைப் பார்க்க என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஓட்டுப் போட்டதோடு சரி. கூட்டம் கூடியது கவர் சாமியாருக்காக.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள், பெருமுக்கலிலிருந்து வந்தார்கள், விழுப்புரத்திலிருந்து ரயில் பிடித்துக்கூட வந்தார்கள். ஒட்டிய கவரைச் சாமியார் நெற்றியில் வைத்துக்கொள்வார். தலையைக் குனிந்து கண்ணைப் பாதி மூடுவார். உள்ளே இருக்கும் மனுவை அம்மன் அவர் காதில் படிப்பாளாம். கவரைப் பிரிக்காமலே, "உனக்குப் பட்டா வேணும், உன் பையனுக்கு வேலை வேணும்" என்று சொல்லிவிடுவார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பட்டா கிடைத்ததா, வேலை கிடைத்ததா என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

படித்த பிறகு சாமியார் தீர்ப்புச் சொல்வார். உத்தரவு கிடைத்த மனு எம்.எல்.ஏ.வின் தோல்பைக்குள் போகும். கிடைக்காதது யாகத்தீக்குள் போகும். தட்சிணைத் தட்டு நிறைந்தால் உத்தரவு, தட்டு காலியாக இருந்தால் தீ. அம்மனுக்கும் கண்ணிருக்கிறது அல்லவா!

விருத்தாசலத்துக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் முந்நூறு மனு. பிரித்து, படித்து, எது எந்த அமைச்சருக்கு என்று பார்க்க வேண்டுமே என்று நினைத்தாலே தலை சுற்றும். இப்போது முப்பது மனுதான், அதுவும் தெய்வமே பொறுக்கிக் கொடுத்தது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இதைவிட என்ன நிம்மதி வேண்டும்?

இதற்கு மேல் எம்.எல்.ஏ.வுக்கே சாமியார் ஓர் உத்தரவு போட்டிருந்தார். இந்தக் கூட்டத்தொடர் முடிகிறவரை அவர் சபையில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சனி பிடித்து, அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது. செவ்வாய்க்கிழமை குடிநீர் மானியம். பேச அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று கொறடாவிடம் சொல்லிவிட உத்தேசித்திருந்தார். வாயைத் திறக்காமலே மூன்று வருஷம் ஓட்டியவருக்கு இந்த விரதம் ஒன்றும் கஷ்டமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கோவிந்தம்மாள் நின்றாள். பிரம்மதேசம் பக்கத்துக் காலனி. கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்குகிறவள். காலனியில் நாற்பது வீடு, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பண்ணைக்காரர் பம்புசெட்டில் குடத்தை வைத்தால் நாயை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறார்கள். ஒரு அடிபம்பு கேட்டு அவள் கொண்டுவந்த மனு ஏற்கெனவே இரண்டு தடவை யாகத்தில் வெந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சபையில் பேச்சு வராவிட்டால் அடுத்த கோடை வரை பம்பு கிடையாது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் மூன்றாம் தடவையாக வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பாஞ்சாலி, விதவைப் பென்ஷனுக்கு.

சாமியார் கோவிந்தம்மாளின் கவரை வாங்கி நெற்றியில் வைத்தார். தலையைக் குனிந்தார்.

"தாயே... தண்ணி தெரியுது. அடிபம்பு. நாப்பது வீட்டுக்கு ஒரு அடிபம்பு."

கூட்டம் "ஆத்தா!" என்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த விருத்தாசலத்துக்குக்கூட மயிர்க்கூச்செறிந்தது.

"அப்படியா சாமி?" என்றாள் கோவிந்தம்மாள். "எம்மெல்லே ஐயா, அந்தக் கவர நீங்களே பிரிச்சி, கொஞ்சம் சத்தமா படிங்க."

"அம்மன் சொன்னப்புறம் பிரிக்கறது பாவம்மா" என்றார் சாமியார், ஜல்தியாக.

"பாவம் எனக்கு வரட்டும் சாமி. நீங்க படிங்க ஐயா."

நானூறு பேர் பார்க்கிறார்கள். நானூறு ஓட்டு. விருத்தாசலம் கவரைக் கிழித்தார். படித்தார். முகம் சுருங்கியது.

"கணவனை இழந்த பாஞ்சாலி ஆகிய நான், மாத உதவித்தொகை கோரி..."

"இன்னாய்யா இது? பம்பு எங்க?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"பம்பு பாஞ்சாலி கவருல கீது" என்றாள் கோவிந்தம்மாள். "டீக்கடையில ஒக்காந்துகினு கவர ஆவியில காட்டிப் பிரிச்சோம். காகிதத்த மாத்திப் போட்டு ஒட்டினோம். மேல பேரு மட்டும் அப்படியே கீது. உள்ள இருக்கிறதப் படிக்கிற அம்மன், பென்ஷன்னு இல்ல சொல்லியிருக்கணும்?"

"அவ மனசுல இருந்தத அம்மன் படிச்சா!" என்றார் சாமியார்.

"அப்ப கவரு எதுக்கு? மனச மட்டும் கொண்டாந்தா போதும்ல? நான் சொந்தமா யாரையாச்சும் வெச்சி எழுதிக்கினு வந்தா தீட்டுன்னு தள்ளறீங்க. தாலுகா ஆபீஸ் வாசல்ல குந்தியிருக்கிற ரைட்டர் பெரியசாமி எழுதினாத்தான் அம்மனுக்குக் கண்ணு தெரியுது. அது ஏன் சாமி?"

இந்தக் கேள்வி இத்தனை நாளாக நானூறு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. நாலு பெண்கள் போய் சாமியாரை எழுப்பி நிறுத்தினார்கள். அவர் உட்கார்ந்திருந்த மான்தோலைப் பாஞ்சாலி உதறினாள். நீல எழுத்தில் தாள் தாளாக விழுந்தது. பெரியசாமி கார்பன் வைத்து எடுத்த நகல்கள், வரிசைப்படி, ஒவ்வொன்றின் தலையிலும் ஆள் பெயர். கவரின் மேலிருந்த பெயரைப் பார்த்து, தோலோரத்தை விலக்கி அந்தப் பெயருக்கான நகலைப் படிப்பதுதான் சாமியார் தலையைக் குனிந்து செய்த தியானம் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

சாமியார் ஓட நினைத்தார். வாசல் வரை ஜனம். தட்டில் போட்டதையெல்லாம் அவரவர் எடுத்துக்கொள்ளும்வரை நிற்க வேண்டியதாயிற்று. பெரியசாமி அன்று சாயந்திரமே மேசையையும் நாற்காலியையும் விட்டுவிட்டு ஊரைக் காலிசெய்தான்.

விருத்தாசலம் தொண்டையைச் செருமினார். "பாருங்கம்மா, என்னையும்தான் ஏமாத்திட்டான் இந்தப் படுபாவி."

கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. "ஐயா, அவன் திருடந்தான். ஆனா இந்த மூணு வருசத்துல எங்க மனுவப் படிச்ச ஒரே ஆளு அந்தத் திருடந்தான். திருடறதுக்காகவாச்சும் படிச்சான். நீங்க எதுக்காகவும் படிக்கலியே."

விருத்தாசலம் பாஞ்சாலியின் கவரையும் வாங்கிக் கிழித்து, பம்பு மனுவைக் கடைசி வரி வரை படித்தார்.

செவ்வாய்க்கிழமை சபையில் அவர் எழுந்து நின்றார். பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் பேசினார். அதில் பாதி கோவிந்தம்மாளின் மனுவை அப்படியே வாசித்தது. ஆனி மாதம் காலனியில் பம்பு போட்டார்கள். எந்தச் சனியும் அவரைப் பிடிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கோவிந்தம்மாள்தான் பிடித்தாள், "அந்தப் பென்ஷன் மனு இன்னாச்சி ஐயா?" என்று.

விழுப்புரம் பக்கம் இப்போது வெற்றிலையில் மை தடவி சர்க்கார் ஆர்டர் நகலைக் காட்டுகிற சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம், கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஒட்டிய கவரைப் படிக்கிறவனைக் கும்பிடப் போகிற வழியில், பிரித்த மனுவைப் படிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டோமா என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். யோசிப்பதற்குத் தட்டில் ஒன்றும் போட வேண்டாம்.