தம்பாக்வாங்கியின் கூரைகள்

எதையாவது எண்ணாமல் என்னால் உட்கார முடியாது. அது ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எழுபத்து நான்கு வயது ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் என் மகள் வித்யா வீட்டு மாடிப்படிகள் பதினான்கு. எதிர்வரிசையில் பதினெட்டு வீடுகள். மாத்திரை பாட்டிலில் தொண்ணூறு என்று போட்டிருந்தால், தட்டில் கொட்டி எண்ணிப் பார்த்த பிறகுதான் முதல் மாத்திரையை விழுங்குவேன். (ஒருமுறை எண்பத்தொன்பது இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் வேறு எதையும் பேசவில்லை.) விழுப்புரம் பக்கம் முப்பத்தோரு வருஷம் அரசாங்கப் புள்ளிவிவர வேலை பார்த்தவனைச் சும்மா உட்கார வைத்தால் வேறென்ன ஆகும்?

இப்படிப்பட்டவன் கையில் ஒரு கிராமத்தைக் கொடுத்தார்கள்.

கொடுத்தவள் ரத்னா. பெயர்தான் நம்மூர்ப் பெயர். ஆள் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்காரி, முஸ்லிம். வித்யாவோடு லேபில் வேலை பார்க்கிறாள், மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவள் ஊர் தம்பாக்வாங்கி. பெரிய ஊர்களிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம், பிறகு படகில் இருபது நிமிஷம் போனால் வரும் ஒரு மீனவக் கிராமம். வெளியாள் ஒருவரும் கேள்விப்பட்டிராத ஊர். அங்கே உயரமான தூண்கள் மேல் இருபது அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காக, பார்க்க வருகிறவர்களுக்கும் முதலீடு செய்கிறவர்களுக்கும் என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தாள். இறால் காயப்போடும் முற்றம், அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி, கால்பந்து மைதானம், எல்லாம் இருந்தது. ‘இங்கே கடல் உங்கள் வாசற்படிக்கே வரும்’ என்று ஒரு வரி. நானே அதை ரசித்தேன்.

நூலகத்துக் கூட்ட அறையில் சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். பத்துப் பேராவது முதலீட்டுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கும். இல்லையென்றால் அவள் அண்ணன் படகை விற்றுவிட்டு நகரத்துக்குக் கூலிக்குப் போவான், அம்மாவும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

“அங்கிள், நம்பர்ல தப்பு இருக்கான்னு பாருங்க. அப்படியே இந்த நாற்பது காப்பியையும் பின் அடிச்சு வெச்சிடுங்க” என்றாள்.

அமெரிக்கா வந்து ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அன்று இரண்டு தடவை ஷேவ் செய்துகொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் ‘வீடுகள் 212’ என்றிருந்தது. கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துக் கூரைகளை எண்ணினேன். 147. மறுநாள் எண்ணினேன். 147. மூன்றாம் நாள் தெற்கிலிருந்து வடக்காக எண்ணினேன். அதே 147. கால்பந்து மைதானம் என்று சொன்ன இடத்தில் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலை பாதியில் நின்றிருந்தது.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் எழுந்து மூன்று வீடு நடந்துபோய்க் கேட்டிருப்பார்கள். நான் எங்கள் ஆபீஸில் பழகியவன். தப்பைக் கண்டுபிடித்தால் வாயால் சொல்லக்கூடாது, சால்ஜாப்பு வரும். எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மஞ்சள் காகிதத்தில் நாற்பது பிழைதிருத்தச் சீட்டு ஆங்கிலத்தில் தயாரித்தேன். ‘பக்கம் 3: வீடுகள் 212 என்பதை 147 எனத் திருத்திப் படிக்கவும். மைதானம்: காணப்படவில்லை. பள்ளிச் சாலை: பாதி மட்டும்.’ அட்டையைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

என் மனைவி கமலா காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். “என்னங்க, அந்தப் பொண்ணு புஸ்தகத்துல எதுக்குப் பசை தடவறீங்க?”

“உனக்குப் புரியாது. இது நம்பகத்தன்மை.”

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“பார்த்தா சந்தோஷப்படுவா.”

(இந்த வாக்கியத்தைக் கமலா இன்றுவரை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள், என் குரலிலேயே.)

முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், பெண் வீட்டார் மாதிரிச் சிரித்துக்கொண்டு. ரத்னா எழுந்து படகுச் சவாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் செல்வராஜ் என்ற பல் டாக்டர், தூத்துக்குடிக்காரர், கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம் மா. மிச்சம் அறுபத்தஞ்சு வீடு எங்க போச்சு?”

ரத்னா புரியாமல் விழித்தாள். அவர் கையேட்டை நீட்டினார். அவள் மஞ்சள் சீட்டைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், ‘பரவாயில்லை, நன்றியெல்லாம் அப்புறம்’ என்கிற பாவனையில்.

“கடலுக்குள்ள போச்சு” என்றாள்.

அவளே கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள்.

“வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊர் இறங்குது. அதைப் பதினொண்ணாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அதுக்குத்தான் தூண் மேல கட்டறோம். வீடு போனவங்கதான் அந்த அறைகளை நடத்தப் போறாங்க, அங்கேயே தங்கவும் போறாங்க.”

“அப்புறம் ஏன் இருநூத்துப் பன்னெண்டுன்னு போட்டீங்க?”

“குடும்பம் இருநூத்துப் பன்னெண்டும் ஊர்லதான் இருக்கு. அக்கம்பக்கத்து வீட்டுல ஒதுங்கி, தனித்தனியா சமைச்சுச் சாப்பிடறாங்க. பட்டியல்லேருந்து எடுத்துட்டா அவங்க எந்த ஊர்க்காரங்க?”

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த வாத்தியார்கள் ஆயிரம் பேருக்காவது நான் வகுப்பு எடுத்திருப்பேன். முதல் பாடமே இதுதான்: கூரையை எண்ணாதே, அடுப்பை எண்ணு, தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். அந்த நான்தான் மூன்று நாள் உட்கார்ந்து கூரை எண்ணியிருக்கிறேன்.

செல்வராஜ் கெட்டவர் இல்லை. “காட் பிளஸ் யூ மா. ஆனா முதல் பக்கத்துலயே கரெக்ஷன் இருக்கற விஷயத்துல நான் எப்படி இறங்கறது?” என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு எழுந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும். ரத்னா பதினொன்றாம் பக்கம்வரை பேசி முடித்தாள். அப்போது கேட்டவர்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் எங்கள் வீடு. கையெழுத்து ஒன்றுகூட விழவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு வித்யா, “அப்பா, அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். ரத்னா டீ கொடுத்தாள். “நம்பர் சரிதான் அங்கிள்” என்றாள். இரண்டு மாதத்தில் அவள் அண்ணன் படகை விற்றான். அம்மா மட்டும் கிளம்ப மறுத்துவிட்டாள். கடலோர வரிசையில் கடைசி வீடு அவளுடையது.

அதற்குப் பிறகு புதுப் படம் வரும்போதெல்லாம் ரத்னா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். “உங்களை மாதிரி யாருக்கும் எண்ண வராது அங்கிள். எத்தனை இருக்கு, பாருங்க.” முதல் தடவை 143 என்றேன். அடுத்த தடவை 139. போன மாசம் வந்தபோது நான் அந்தக் கடலோர வரிசையின் கடைசியில், அவள் அம்மா வீடு இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தேன். பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.

“மேகம் மறைக்குதும்மா. ஒண்ணும் தெரியலை” என்றேன்.

நான் எண்ண முடியாது என்று சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. வித்யா பயந்துபோய் மறுவாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அரைமணி நேரம் சோதித்துவிட்டு, இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணைப் பார்த்ததில்லை என்றார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கமலா என்னைக் காட்டிச் சொல்கிறாள்: “இவருக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. ஜாவா மட்டும்தான் தெரியாது.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைக்கிறேன்.