எழுப்பிவிடுகிறவர்கள்

மனிதர்களில் எழுப்பிவிடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சேவலைப் போல ஊரை எழுப்புகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்குள் தூங்கும் வேலைகளை யார் எழுப்ப வேண்டும் என்று சண்டை போட்டே தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்களாம். அங்கேதான் இவர்கள் குடியிருப்பு. இலவசத்துக்கா இத்தனை சண்டை என்கிறீர்களா? தண்ணீரும் இலவசம்தான்.

என் தங்கை வீட்டுக்காரர் புதுக் கட்சி. மேலாளாக ஒரே ஒரு புரோகிராம்தான் எல்லாரையும் எழுப்ப வேண்டும், விழுந்தவனைத் தூக்கி நிறுத்த வேண்டும், யார் எப்போது விழுந்தான் என்றும் அவனே எழுதி வைக்க வேண்டும். கூட வேலை செய்யும் தாடிக்காரர் பழைய கட்சி. வேலைக்கொரு சின்னக் குறிப்பு எழுதிவைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொள்ளும். எல்லாம் ஒருவன் கைக்குப் போனால் வீடு உருப்படாது என்பார். உலகத்தையே தினமும் எழுப்பிவிடுகிற இறைவன் தன் முறையைப் பற்றி வாய் திறந்ததில்லை. இவர்கள் திறந்த வாயை மூடியதில்லை.

இவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு காலை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, முடிவுகளைக் காட்டும் வேலை மட்டும் எழவில்லை. அங்கே ரத்தம் கொடுத்துவிட்டு, தங்கை மகள் விடாத காய்ச்சலோடு என் மடியில் அனலாகக் கிடந்தாள். முடிவு தெரிந்தால்தான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க குறிப்புதாண்ணே காலை வாரிடுச்சு" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"மேலாளைக் கேளுங்க தம்பி. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார் தாடிக்காரர்.

உண்மை என்னவென்றால், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமல், அந்த ஒரே வேலையை இருவருமே சொல்லாமல் கொள்ளாமல் அவரவர் முறையில் எழுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். அது இரண்டு பிரதியாக எழுந்து, இரண்டும் ஒரே நாற்காலியில் உட்காரப் போய், ஒன்றையொன்று தள்ளிவிட்டு விழ, மேலாள் தூக்கி நிறுத்த, மறுபடி தள்ளு, மறுபடி விழு. இது திரையில் தெரிந்ததும் சண்டை நிற்க வேண்டுமா இல்லையா? எதை எடுத்துவிடுவது என்று புதிதாகத் தொடங்கியது. தத்துவம் பேசினார்கள். சுதந்திரம் என்றார்கள். பிள்ளை முனகினாள்.

என் பக்கத்திலிருந்த தங்கை எழுந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"ரெண்டுல ஏதாவது ஒண்ணை எடுத்துடுங்க. எம்புள்ள எழுந்திரிக்கணும்."

எடுத்தார்கள். முடிவு வந்தது, மருந்தும் வந்தது.

எதை எடுத்தார்கள் என்றுதானே இப்போது கேட்க வாயெடுத்தீர்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதை முதலில் கேட்டிருந்தால் நீங்கள் இந்த இனத்தில் சேராமல் தப்பித்தீர்கள்.