மாப்பிள்ளை வாங்கச் சொன்ன ஒன்பதாம் மாடி வீடு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"விலை விழுந்து கிடக்கும்போதுதான் மாமா வாங்கணும். வாங்கி வாடகைக்கு விட்டுட்டு உக்காந்து சாப்பிடணும்" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்தது மொத்தமும் இதில் போய்விடும். தவறிப்போனால் இன்னொரு தடவை ஓய்வுபெற முடியாது. ஆனாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாதென்று தரகரோடு போனேன். நான் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்தவன், பெரிய பொருளைக் கண்டு அசருகிற ஆளில்லை. அந்தக் கட்டடத்தைக் கண்டு அசந்துவிட்டேன். பன்னிரண்டு மாடி, தொண்ணூற்றாறு வீடு, குடியிருப்பது நாலே குடும்பம்! கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தால் கொடியில் ஒரே ஒரு சட்டை தெரிகிறது. இத்தனை சுவரை எழுப்பி, இத்தனை கதவை மாட்டி, ஆளை மட்டும் விட்டுவிட்டார்களே என்று வாயைப் பிளந்து நின்றேன். நாலு குடும்பத்துக்காக ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று லிஃப்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்பது மாடியும் நடைதான். ஒவ்வொரு மாடியிலும் தரகர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுக்குக் கீழ விலை போகாது சார்" என்றார். ஐந்தாம் மாடியில் சொன்ன விலையை எட்டாம் மாடியில் அவரே குறைத்தார்.

கதவைத் திறந்தார். அடேயப்பா, என்ன வெளிச்சம்! சமையலறை ஜன்னலில் தூரத்து ஆறு முழுசாகத் தெரிகிறது. வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவன் புத்தி எங்கே போகும்? "இந்தச் சுவத்துல ஆணி அடிக்கலாமா?" என்று தரகரிடமே கேட்டுவிட்டேன். "வாங்கிட்டா சுவத்தையே இடிக்கலாம் சார்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குடிவர ஆள் தயார் என்று காட்ட ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், நம் மகள் வயதுதான் இருக்கும். என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று உங்கள் அத்தை எழுதித் தந்த சீட்டை நான் தேடி எடுப்பதற்குள் அவர் ஒரு நோட்டைத் திறந்துவிட்டார்.

"இதுக்கு முன்னாடி யாருக்கு வீடு விட்டிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப உங்களைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கறது?"

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"குழாய் ஒழுகினா எத்தனை மணி நேரத்துல வருவீங்க?"

"நானே பாத்துக்குவேம்மா, உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"சார், ஓனர் நீங்க!"

என்ன தைரியம் மாப்பிள்ளை! எனக்குக் கோபமே வரவில்லை, பிரமிப்பாக இருந்தது. நாங்கள் வீட்டுக்காரர் வருகிறார் என்றதும் பூனையைப் பீரோவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அது கத்தக் கத்த இருமிக்கொண்டே நின்ற குடும்பம். இந்தப் பெண்ணோ வீட்டுக்காரருக்கே பரீட்சை வைக்கிறார்! நான் தேறவில்லை. ஆறாம் மாடிக்காரர் இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்து ஜன்னலுக்குத் திரையும் போட்டுத் தருகிறாராம், அங்கே போய்விட்டார்.

ஆகவே வாங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஒரு குடித்தனத்தைத் தொண்ணூறு வீட்டுக்காரர்கள் துரத்தும்போது நானும் ஓட முழங்கால் இடம் தராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இது முடிந்த முடிவு.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு. மூவரும் ஒரு குறையுமின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இதை உங்கள் அத்தையிடம் கொடுத்து இரண்டு மாதமாகிறது. போடாமல் வைத்துக்கொண்டு, தானே ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வந்தவள், "அந்த ஜன்னல்கிட்ட வேற யாரையோ நிக்க வெக்கவா வாங்கணும்? நாமளே இருந்துடலாம்" என்றாள். கையெழுத்தாகி, சாமானெல்லாம் ஒன்பது மாடி படியேறி வந்து சேர்ந்துவிட்டது. வாடகை வராது. உங்களிடம் போனில் சொல்லத் தைரியமில்லை. இன்றைக்கு ஒன்றாம் தேதி. நாற்பது வருஷமாக இந்தத் தேதியில் காலையிலேயே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாடகை கொடுக்கப் போய்ப் பழக்கம். இன்றும் குளித்துச் சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொந்த வீட்டில் இருப்பவர்கள் ஒன்றாம் தேதி காலையில் என்ன செய்வார்கள் மாப்பிள்ளை?