பூட்டக்கா கடல் பார்த்த இரவு

கோயம்புத்தூரில் இரவு ஒன்பது மணி என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே எங்கள் பூட்டக்காதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கணபதி பகுதியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன் அவர். சொந்தப் பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. ஒன்பது மணிக்கு அவர் கேட்டைப் பூட்டும் சத்தம் தெருமுனைவரை போகும். அதைக் கேட்டுத்தான் எதிர் பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்குவார்.

தாமதமாக வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்து, "ஏனுங் கண்ணு, இதுதான் ஊடு வந்து சேர்ற நேரமுங்களா?" என்று ஆரம்பிப்பார். திட்டும்போதுகூட 'ங்க' போடும் ஒரே மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன். விடுதியின் முதலாளியே ஒருநாள் ஒன்பதரைக்கு வந்து, "நான்தானுங்க ஓனர்" என்றார். "சந்தோசமுங்க. ஓனரு காலைல வாங்க" என்று பூட்டக்கா அனுப்பிவிட்டார்.

ஒருமுறை அவரே மாட்டிக்கொண்டார். உடுமலைப்பேட்டையில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். திரும்பும் வழியில் பஸ் பழுது. வந்து சேரும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. நான் சாவியோடு ஓடினேன்.

"தொறக்காத கண்ணு. நானே உள்ள வந்துபோட்டா நாளைக்கு உங்களை எந்த வாயில கேக்கறது?"

தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து, தன்னைத்தானே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டார். நாங்கள் மாடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். திட்டி முடித்ததும் எழுந்து, "இப்பத் தொற" என்றார். ஒன்று சொல்ல வேண்டும்: தாமதமாக வந்தவள் யாராக இருந்தாலும், திட்டு முடிந்து உள்ளே போனால் தட்டில் சோறு சூடாக இருக்கும்.

என் அறையில் இருந்தவள் ஜெசி. துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடலோர ஊர்க்காரி. ஒருநாள் விடியற்காலை அவளுக்கு போன் வந்தது. மீன்பிடிக்கப் போன அப்பாவின் படகு கரை திரும்பவில்லை. கூடப் போன சேசு என்பவரோடும் தொடர்பு இல்லை. கடலில் காற்று அதிகம். தேடிப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பிவிட்டன.

ஜெசி அழவில்லை. பையில் துணிகளைத் திணித்து, எடுத்து, மறுபடி திணித்துக்கொண்டிருந்தாள். பூட்டக்கா வந்து பார்த்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்தார். விடுதியே திரண்டு வந்து பார்த்தது.

"புள்ளைய இந்த நெலமைல தனியா அனுப்பறதுங்களா? நீயும் கெளம்பு கண்ணு" என்றார் என்னிடம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பூட்டக்கா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. மணல்மேட்டில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். "இவ்வளவு பெருசுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை பெரிய கடலில் எங்கே தேடுவது என்ற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் ஜெசியின் அம்மா லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேசுவின் மனைவி புஷ்பம். முப்பது வயதுகூட இருக்காது. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். பூட்டக்கா நேராக நடுவில் போய் நின்றார்.

"எதுக்குங்க இப்பவே அழுவறீங்க? வரலைன்னுதானுங்க சொல்லியிருக்காங்க. வரமாட்டாங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

யாரோ ஒரு வெளியூர்க்காரி என்று எல்லோரும் பார்த்தார்கள். அழுகை மட்டும் நின்றது.

வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போனார். "எப்பவும் எத்தனை மணிக்குங்க திரும்புவாங்க?"

"கடலுக்குப் போனவுகளுக்கு மணிக் கணக்கு ஏதும்மா? காத்து விட்டாத்தான் வர முடியும்."

பூட்டக்கா திரும்பி வந்து அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் போக இருவரும் மறுத்துவிட்டார்கள். யாரோ கொண்டுவந்த கஞ்சியை இருவரும் தொடவில்லை. இருட்டிவிட்டது.

"எனக்குக் கடலு தெரியாதுங்க. நேரங்கழிச்சு வர்றவங்களுக்காகக் காத்துக்கெடக்கறது மட்டுந்தான் தெரியும்" என்றார் பூட்டக்கா. "ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடிச்சுக்கும். அதுக்கு நான் ஒண்ணு செய்வேனுங்க. வந்ததும் என்னென்ன சொல்லித் திட்டறதுன்னு யோசிச்சுட்டே இருப்பேன். நீங்களும் யோசிங்க."

லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கரகரத்த குரலில், "காத்து சரியில்ல, போவாதியன்னு சொன்னேன். கேட்டாவளா?" என்றார்.

"அதைச் சொல்லுங்க மொதல்ல. அப்புறம்?"

"சுகர் மாத்திரைய வச்சிட்டுப் போயிட்டாவ."

"அதுக்கும் சேத்துக் கேளுங்க. நீ சொல்லு கண்ணு" என்று புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

புஷ்பம் தயங்கினாள். "போவும்போது எங்கிட்டச் சொல்லிட்டுப் போவ மாட்டாவ. தூங்கட்டும்னு நெனச்சுப் போயிருவாவ. முழிச்சுப் பாத்தா பாய் காலியா கெடக்கும்" என்றாள். "வரட்டும். எழுப்பிச் சொல்லிட்டுப் போனா என்ன கொறைஞ்சு போச்சுன்னு கேக்கேன்."

அப்படியே அந்த இரவு போனது. கல்யாணத்தன்று சேசு தன் சட்டையில் சாம்பார் கொட்டிக்கொண்டதிலிருந்து புஷ்பம் ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததற்காக அழுதாள். ஜெசி அம்மாவின் மடியில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதோ கஞ்சிச் சட்டி காலியாகியிருந்தது.

விடிந்த பிறகு போன் வந்தது. தெற்கே வேறொரு ஊர்ப் படகுக்காரர்கள், கவிழ்ந்த படகைப் பிடித்து மிதந்த ஜெசியின் அப்பாவைத் தூக்கியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சேசு முதல் நாளே அலையில் போய்விட்டார். அப்பாவின் கண் முன்னாலேயே.

ஒரே போனில் இரண்டு செய்தி. லூர்தம்மாள் கும்பிட எடுத்த கையை அப்படியே வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். ஜெசியையும் அவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வேன் வந்தது; ஊரே அதைச் சுற்றிக் கூடியது. பூட்டக்கா அந்தப் பக்கம் போகவே இல்லை. புஷ்பத்தின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மணலிலேயே இருந்தார்.

நான் அருகில் போனபோது பூட்டக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னை மன்னிச்சுரு கண்ணு. ராத்திரி பூராவும் அவரைத் திட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

புஷ்பம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. நல்லதுதான் செஞ்சிய. ராத்திரி பூரா அவுக கூடப் பேசிக்கிட்டு இருந்த மாதிரில்லா இருந்துச்சு."

பூட்டக்கா அப்போதுதான் அழுதார். சத்தம் வராமல், முந்தானையைக் கடித்துக்கொண்டு.

புஷ்பத்தின் அம்மா வந்து சேரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ஜெசி அப்பாவோடு இருந்துவிட்டாள். மதுரை தாண்டியும் பூட்டக்கா கண்ணை மூடவில்லை. கோயம்புத்தூர் நெருங்கும்போதுதான் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். புடவையிலிருந்து மணல் என் மடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்று, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் அசையவில்லை. கண்டக்டர் வந்து பார்த்தார்.

"அம்மாவை எழுப்புங்க, எறங்கோணுமல்லங்க?"

"ஒரு அஞ்சு நிமிசமுங்க" என்றேன். "எங்க அக்கா இப்பத்தானுங்க தூங்கறாங்க."