பதினோரு பேரும் ஒன்றாம் நம்பர்

முதுகில் நம்பர் போட்டுக்கொண்டு கடவுளைப் பார்க்கப் போன மனிதர் இந்தப் பூமியிலேயே எங்கள் கோலி அண்ணன் ஒருவர்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அயர்லாந்துக்காரர்கள் கும்பலாக வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்கள். அந்தக் கதைக்கு முன்னால் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அபுதாபி முசஃபாவில், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் கம்பெனி ஒன்றில் அவர் ஃபோர்மேன், நான் ஸ்டோர் கீப்பர். கேம்பில் ஒரே ரூம். கீழ்க் கட்டில் அவருக்கு, மேல் கட்டில் எனக்கு. அவருக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் மணல்துறை என்கிற மீனவ ஊர். அங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே ஃபார்வர்டா டிஃபென்ஸா என்று கேட்டுவிடுவார்களாம். இவர் கோல் கீப்பர். அதனால் கோலி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரிடம் ஊர் டீமின் ஜெர்சி ஒன்று இருந்தது. கடல் நீல உடம்பு, மஞ்சள் கை. மார்பில் ஒரு மீன்பிடி வள்ளமும் இரண்டு சாவியும். அது அவர்கள் ஊர்க் கோயிலின் புனிதர் இராயப்பருடைய அடையாளம். முதுகில் முறத்தளவுக்கு ஒரு ஒன்று. ஆறு நாளும் தலையணைக்கடியில் கிடக்கும் அந்தச் சட்டை சனிக்கிழமை சாயங்காலம் தனி வாளியில் ஷாம்பூ போட்டுக் குளிக்கும். பிறகு ஏசிக்கு நேர் கீழே தொங்கும். அது காய்கிற வரைக்கும் ஏசியை யாரும் குறைக்கக் கூடாது. வெளியே ராத்திரியிலும் புழுக்கம் ஆளை அவித்துக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம்.

ஞாயிறு காலை அதைப் போட்டுக்கொண்டு அவர் பூசைக்குக் கிளம்புவார். நான் முருக பக்தன். ஆனாலும் கூடப் போவேன். ரூமில் இருந்தால் துணி துவைக்க வேண்டும், அங்கே போனால் ஏலக்காய் போட்ட டீ கிடைக்கும்.

வளைகுடாவில் சர்ச்சுக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கட்டடம், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பாஷை மாற்றி பாஷை பூசை. மலையாளிகள் ஒரு வாசலில் வெளியேறும்போதே பிலிப்பினோக்கள் இன்னொரு வாசலில் நுழைந்துகொண்டிருப்பார்கள். தமிழ்ப் பூசை கொஞ்சம் நீண்டுவிட்டால் கொங்கணிக்காரர்கள் கதவருகே நின்று கிதாரை முறுக்க ஆரம்பிப்பார்கள். இத்தனை கூட்டத்திலும் அண்ணனை எங்கே நின்றாலும் கண்டுபிடித்துவிடலாம். அதுதான் அவருடைய கொள்கையும்.

"லேய் மக்கா, ஆண்டவரு மேலேருந்து பாக்காரு. எல்லாவனும் வெள்ளச் சட்டை போட்டு நிக்கான். அவரு யார எவன்னு கண்டாரு? எனக்கு நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பரு, மணல்துறை. சட்டுனு பிடிகிட்டும் இல்லா?"

தமிழ்ச் சபைக்கு ஒரு செயலாளர் இருந்தார். பெரிய கம்பெனியில் இன்ஜினியர். மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டை. அவருக்கு அண்ணனைக் கண்டாலே ரத்தக் கொதிப்பு ஏறும்.

"கோயிலுக்கு வர்ற டிரஸ்ஸாங்க இது?" என்று ஒருநாள் வாசலிலேயே மறித்தார்.

அண்ணன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினார். "கையில்லாத சட்டை கூடாதுன்னு போட்டிருக்கு. எனக்குக் கையிருக்கு. அரைக்கால் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் முழுக்கால் போட்டிருக்கேன். வேற என்ன சார் போட்டிருக்கு?"

செயலாளர் பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். வேறொன்றும் போட்டிருக்கவில்லை. வழி விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய நாட்டுப் புனிதருக்கு அன்றைக்குத் திருநாளாம். எங்கள் பூசை முடிந்து வெளியே வருகிறோம், இங்கிலீஷ் பூசைக்கு வரிசை நிற்கிறது. வரிசையில் பாதிப் பேர் ஜெர்சி! பச்சை, சிவப்பு, பட்டை போட்டது, கட்டம் போட்டது. கைக்குழந்தைக்கும் ஜெர்சி, கம்பு ஊன்றி நின்ற கிழவருக்கும் ஜெர்சி. கேட்டால், அவர்கள் நாட்டில் ஜில்லாவுக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு நிறமாம்.

கோலி அண்ணன் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து நின்றார். தொலைந்துபோன சொந்தக்காரர்களைப் பார்த்த முகம். நேராகப் போய், செம்பட்டைத் தாடி வைத்த ஆறடி மனிதர் ஒருவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். ஒன்று!

"யூ கோலி? மீ கோலி!"

செம்பட்டைத் தாடியும் அண்ணன் முதுகைப் பார்த்தார். அவ்வளவுதான். பாஷை இனிமேல் எதற்கு? அடுத்த அரைமணி நேரம் கார் பார்க்கிங்கில் இரண்டு பேரும் காலி தண்ணீர்க் கேன்களைக் கோல் போஸ்டாக நட்டு, இல்லாத பந்தைப் பாய்ந்து பாய்ந்து பிடித்துக் காட்டிக்கொண்டார்கள். ஒரு கேன் மேல் கார் ஏறியதும்தான் ஆட்டம் முடிந்தது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பாத்தியாலே? அவனுவ டீமாட்டு வாறானுவ. நான் ஒத்தையில நிக்கேன்."

"அண்ணே, சட்டைதானே? அவங்களும் போட்டுருக்காங்க, நீங்களும் போட்டுருக்கீங்க. விடுங்க."

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். மணல்துறைத் திருவிழாவின் கடைசி நாள் ஃபுட்பால் ஃபைனல். அன்று காலைப் பூசையில் டீம் மொத்தமும் ஜெர்சியோடு காணிக்கைப் பவனியில் நடக்கும். முதல் ஆளாகக் கோலி, கையில் பந்தோடு. சாமியார் அந்தப் பந்தை மந்திரித்து, கோலியின் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். கொடுத்த பிறகுதான் டீம் இடத்தைவிட்டு நகரும். இவரை டீமில் எடுத்த வருஷம், சட்டையும் தைத்துக் கொடுத்தாகிவிட்டது, திருவிழாவுக்கு முந்தின வாரம் விசா வந்துவிட்டது. இவர் விமானம் ஏறினார், வேறொருவன் பந்தோடு நடந்தான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திருவிழா சமயத்தில் லீவு வாய்க்கவில்லை.

"இப்ப கம்பெனி விசா புதுக்க மாட்டேன்னுட்டான். டிசம்பர்ல கலாஸ். ஊருக்குப் போனா எனக்க எடத்துல எனக்க அண்ணன் மவன் நிப்பான். அவன நீக்கிப்போட்டு இந்த வயசுல நான் நடக்க முடியுமா? இனி நடந்தா இங்கதான் மக்கா."

இங்கே என்றால் நவம்பரில் வரும் சர்ச் திருவிழா. அன்று ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு பாஷைக்காரரும் அவரவர் உடையில் காணிக்கை கொண்டு போவார்கள். அண்ணன் செயலாளரிடம் போய்த் தமிழர் சார்பில் தன் டீம் நடக்கும் என்றார்.

"வேட்டிங்க! நம்ம பண்பாடு வேட்டி!" என்று செயலாளர் மேசையைத் தட்டினார்.

"கடலுக்குப் போறவன் வேட்டி உடுத்துப் போனா வலையில மீன் படாது சார், வேட்டிதான் படும்."

செயலாளர் அசையவில்லை. அண்ணனும் அசையவில்லை. சட்டையைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று சொல்லிவிட்டு ஆள் பிடிக்கக் கிளம்பினார்.

பதினோரு பேர் வேண்டும். அவர் ஊர்க்காரர் என்று அந்த வட்டாரத்தில் ஒரு ஆள் கிடையாது. ஆகவே ராமநாதபுரத்து வெல்டர், விழுப்புரத்து எலக்ட்ரீஷியன், கேம்ப் சமையல்காரர் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம் மணல்துறைக்காரர் ஆக்கினார். பாதிப் பேர் சர்ச்சுக்குள் கால் வைத்ததே இல்லை. பந்தைக் காலால் உதைத்தவர்கள் அதைவிடக் குறைவு. என்னை டிஃபென்ஸில் போட்டார். நடக்கப்போவது பூசையில், அதில் எதற்கு டிஃபென்ஸ் என்று கேட்டதற்கு முறைத்தார்.

ஜெர்சி அடிக்க ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பிரிண்டிங் கடையைப் பிடித்தார். தன் சட்டையைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்தார். கடைக்காரர் பாகிஸ்தானி.

"பாய், ஸேம் டு ஸேம். தஸ் பீஸ். நிறம், வள்ளம், சாவி, எல்லாம் ஸேம் டு ஸேம்."

"நோ டென்ஷன் பாய். ஸேம் டு ஸேம்."

வாக்குத் தவறாத மனிதர். திருவிழாவுக்கு முந்தின நாள் மூட்டை வந்தது. ரூமில் வைத்துப் பிரித்தோம். நிறம் சரி. வள்ளம் சரி. சாவி இரண்டும் சரி. திருப்பிப் போட்டோம். பத்து சட்டையிலும் ஒன்று. அண்ணனையும் சேர்த்து டீமில் மொத்தம் பதினோரு கோலிகள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார். சமையல்காரர்தான் ஆறுதல் சொன்னார். "விடுங்கண்ணே. நம்ம டீமுக்கு யாராலயும் கோல் போட முடியாது."

மறுநாள் சர்ச் முற்றத்தில் அணிவகுப்புக்கு நின்றோம். செயலாளர் பட்டு வேட்டியில் வந்தார். எங்கள் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தைப் பார்த்தார். மனசு மாறவில்லை. "எந்த விளையாட்டுலங்க எல்லாரும் ஒண்ணாம் நம்பர்? வேட்டி கட்டினவங்க மட்டும் வரிசையில நில்லுங்க. மத்தவங்க உள்ள உட்காருங்க."

மத்தவர்கள் என்றால் நாங்கள்தான். அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். எனக்கு அந்தச் செயலாளர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்போது செம்பட்டைத் தாடி வந்தார். கூடவே அவருடைய ஆட்கள், எல்லோரும் ஜெர்சியில்.

"பிராப்ளம்?"

"பிராப்ளம். வேட்டி யெஸ். ஷர்ட் நோ."

செம்பட்டைத் தாடி குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு எங்கள் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எல்லாக் கோலியும் ஒரே குடும்பம் என்கிற மாதிரி ஏதோ சொல்லி, எங்கள் பதினோரு பேரையும் தன் ஆட்களுக்குப் பின்னால் நிறுத்தினார்.

மைக்கில் பெயர் வாசித்தவர் செயலாளரேதான். "அடுத்து, அயர்லாந்து" என்றார். அயர்லாந்து நடந்தது. அதன் வாலில் முசஃபா நடந்தது. மைக் ஒரு நொடி திணறியது. "அயர்லாந்தும்... அவர்களுடைய விருந்தினர்களும்" என்று ஒருவாறு முடித்தார்.

பீடத்தருகே ஃபாதர் ஒவ்வொரு காணிக்கையாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். கோவாக்காரர், சாதுவான மனிதர். அண்ணன் பந்தை நீட்டினார். ஃபாதர் வாங்கினார், சிரித்தார், திராட்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அண்ணன் நகரவில்லை. பந்து கைக்கு வராமல் டீம் எப்படி நகரும்? இரண்டு கையையும் நெஞ்சுயரத்துக்கு விரித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் நாங்கள் பத்து பேரும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் பழக்கூடையோடு பிலிப்பினோப் பெண்கள் நின்றார்கள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஃபாதர் அண்ணனைப் பார்த்தார், விரித்த கையைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் அவருக்கு ஆசீர் கொடுத்தார். அப்போதும் அண்ணன் நகரவில்லை.

ஓரத்தில் நின்ற செம்பட்டைத் தாடிக்குத்தான் அந்தக் கைகள் புரிந்தன. மெதுவாகப் போய் ஃபாதர் காதில் ஏதோ சொன்னார். ஃபாதர் பந்தை எடுத்தார். அதன் மேல் சிலுவை போட்டார். இரண்டடி தூரத்திலிருந்து லேசாகத்தான் தூக்கிப் போட்டார். அண்ணன் அதை ஃபைனலின் கடைசி நிமிஷத்துப் பெனால்ட்டி மாதிரி பிடித்து நெஞ்சோடு வளைத்துக்கொண்டார். குனிந்த தலை கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, "போவோம்லே" என்றார்.

பூசை முடிந்து டீ குடிக்கும்போது செம்பட்டைத் தாடி என் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் தூரத்தில் மற்ற ஒன்றாம் நம்பர்களைப் போட்டோவுக்காக உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உங்களுக்கு எந்த ஊர் என்று அவர் என்னைக் கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது மயிலாடுதுறை. மணல்துறை எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"மணல்துறை" என்றேன்.