ஹில்டிங் கையில் ஒட்ட வேண்டாம்

"இதை உங்க கையிலதான் ஒட்டிக்கணும், எவர்ட். ஒல்லியா இருக்காரேன்னு உங்க படகுல இருக்கிற ஹில்டிங் கையில ஒட்டிடாதீங்க" என்றார் சிஸ்டர் குன்வோர்.

எவர்டுக்கு அதுவரை அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை. சுகாதார நிலையத்தின் படியில் இறங்கும்போது வந்தது. படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அவருடைய சொந்த யோசனையாகவே ஆகிவிட்டது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சென்சார். சின்ன வட்டம், ஐந்து குரோனர் காசு அளவு. மேல்கையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை, கூடவே தந்த சின்னக் கைபேசி வழியாகக் குன்வோரின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரவு பகல் பார்க்காது. அந்த ஊர் அளவுகோலில் ஐந்தாறு என்றால் நல்லது, பத்தைத் தாண்டினால் ஆபத்து.

குன்வோர் வருவதற்கு முன் அந்த நிலையத்தில் சர்க்கரைக்கு வைத்தியம் என்றால், ஆண்டுக்கு ஒரு முறை எடை பார்த்து, "இனிப்பைக் குறைங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்புவது. காபியோடு பன்னும் உண்டு. மாவட்டத்தில் உள்ள முப்பத்தொரு நிலையங்களில் அதற்கு முப்பத்தொன்றாவது இடம். குன்வோர் வந்து பன்னை நிறுத்தினார். பாதம் பார்த்தார், கண் பார்த்தார், வராதவர்களுக்குக் கடிதம் போட்டார். மூன்றே ஆண்டில் நான்காவது இடம். "முதலிடம் வராம நான் ஓய்வு பெறப்போறதில்ல" என்று சொல்லியிருந்தார். அதற்காகவே சீக்கிரம் முதலிடம் வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டவர்களும் ஊரில் இருந்தார்கள்.

எவர்டின் கவலை வேறு. கரைக்கும் தீவுக்கும் நடுவே வண்டிகளை ஏற்றிச் செல்லும் மஞ்சள் படகை முப்பத்தொரு ஆண்டாக அவர்தான் ஓட்டுகிறார். மே மாதக் கடைசியில் அதற்கான மருத்துவச் சான்றிதழ் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் சென்சார் வரையும் இரண்டு வாரச் சர்க்கரைக் கோடு ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுக்கான் வேறொருவர் கைக்குப் போய்விடும். அப்புறம் கரையில் உட்கார்ந்து, அந்தப் படகு தன்னை விட்டுவிட்டுப் போவதை ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை பார்க்க வேண்டியதுதான்.

சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் ஏலக்காய் பன். பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. காபி நேரத்தில் படகு நகராது. கரையில் தீயணைப்பு வண்டி நின்றாலும் அதற்கும் ஒரு கோப்பை ஊற்றுவார்களே தவிரக் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கடற்புறா வந்து கைப்பிடிக் கம்பியில் உட்காரும். தீவுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

ஹில்டிங், படகில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்துபவர். வயது ஐம்பத்தெட்டு. துடுப்புக்குச் சட்டை மாட்டியது போல இருப்பார். பனிக்காலத்தில் சறுக்குக்கட்டையில் தொண்ணூறு கிலோமீட்டர் போய்விட்டு வந்து, களைப்பா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்.

"உன் கையைக் குடுடா" என்றார் எவர்ட்.

"எதுக்கு?"

"பதினாலு நாளைக்கு மட்டும்."

"திருப்பித் தருவியா?"

எவர்ட் விஷயத்தைச் சொன்னார். ஹில்டிங் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் டாக்டர் முகத்தைப் பார்த்தே பதினோரு வருஷம் ஆச்சு. என் ரத்தம் ஊத்துத் தண்ணி மாதிரி."

"அதனாலதான்டா கேக்குறேன்."

"எனக்கு என்ன தருவே?"

"என் பன். ரெண்டு வேளையும்."

ஹில்டிங் சட்டைக் கையைச் சுருட்டினார்.

மறுநாள் பத்து நாற்பதுக்குக் குன்வோர் போன் செய்தார். "எவர்ட், பதினேழு காட்டுது. பத்தைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேன்ல? என்ன சாப்பிட்டீங்க?"

எவர்ட் காலையிலிருந்து கறுப்புக் காபி தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. எதிரே ஹில்டிங் இரண்டாவது பன்னின் கடைசித் துணுக்கை விரலில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பன்" என்றார் எவர்ட், தின்னாத பன்னுக்காகத் தலைகுனிந்து.

"அரை மணி நேரம் நடங்க. இப்பவே."

போனை வைத்துவிட்டு, "நட" என்றார் ஹில்டிங்கிடம்.

"ஏன்?"

"என் சர்க்கரை ஏறிடுச்சு."

"அப்ப நீ நட."

"டேய், ஏறினது உன் கையிலடா!"

"தனியா நடக்க மாட்டேன். கரையில குறுக்கும் நெடுக்கும் ஒத்தையா நடந்தா, வீட்டுல துரத்திட்டாங்கன்னு பேசுவாங்க. நீயும் வா."

இருவரும் நடந்தார்கள். ஒன்பது கார்கள் காத்திருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு பெண்மணி மட்டும் கண்ணாடியை இறக்கி, "இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு" என்றார். எவர்டை வாழ்நாளில் யாரும் அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை.

பன்னை நிறுத்தினால்தான் சரிப்படும் என்று எவர்ட் முடிவு செய்தார். அதற்குப் பதிலாக, தான் வீட்டில் ஊறவைத்த ஹெர்ரிங் மீனை மறுநாள் ஹில்டிங்குக்கு ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்தார். மீனில் என்ன சர்க்கரை இருக்கப்போகிறது!

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

"பதினாறு. இப்ப என்ன?"

"ஹெர்ரிங், சிஸ்டர். நானே ஊறவச்சது."

"எவ்வளவு சர்க்கரை போட்டு?"

எவர்ட் விரல்விட்டு எண்ணினார். "மூணு கோப்பை."

"நீங்க மீன்ல ஜாம் பண்ணியிருக்கீங்க, எவர்ட்."

அடுத்து அவித்த காட் மீனும் முட்டைக்கோஸும். ஹில்டிங் தட்டைத் தள்ளிவிட்டார். "பன் தர்றேன்னு சொல்லிட்டு இலை தழையைத் தர்றியே. நியாயமா? நீயும் தின்னா நான் தின்கிறேன்."

எவர்டும் தின்றார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் முட்டைக்கோஸ். சாப்பிட்டதும் நடை. கடற்புறா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தது. நான்காம் நாள் வடக்கே இன்னொரு படகுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஒரு வாரத்தில் எவர்டின் இடுப்புப் பட்டை ஒரு துளை உள்ளே போனது. பட்டையின் தோல்தான் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஹில்டிங்கின் தண்ணீர் பாட்டில் மட்டும் ஓயவில்லை. ஒரு தடவை தீவுக்குப் போய் வருவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தார். கரைக்கு வந்ததும் முதல் ஆளாக இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினார். வண்டிகள் அவருக்காகக் காத்திருந்தன.

ஒன்பதாம் நாள். முட்டைக்கோஸைத் தவிர வேறெதுவும் ஹில்டிங் வயிற்றுக்குள் போகவில்லை. குன்வோரின் குரல் அன்று மெதுவாக இருந்தது. எவர்டுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இருபத்தொண்ணு. எவர்ட், இது பன் விவகாரம் இல்ல. இன்சுலின் ஆரம்பிக்கணும். இன்னைக்கே வாங்க. சான்றிதழைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

எவர்ட் போனைச் சட்டைப்பையில் போட்டார். கம்பியருகே ஹில்டிங் நான்காவது பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். இது என் சர்க்கரை இல்லை, அவனுடையது; நோயாளி அவன்தான். இவ்வளவு எளிய விஷயம் மண்டைக்குள் போக எட்டு நாளாகியிருந்தது.

உண்மையைச் சொன்னால், ஏமாற்றியவனுக்குச் சான்றிதழ் யார் தருவார்கள்? சொல்லாவிட்டால், தேவையில்லாத ஊசி தனக்கு. தேவைப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. தீவிலிருந்து கரைக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வழக்கமாக ஒரு கைதான். கரை சேர்ந்ததும் இன்ஜினை நிறுத்தினார்.

"ஹில்டிங், கிளம்பு. குன்வோர்கிட்டப் போறோம்."

"நான் டாக்டர் முகத்தைப் பார்த்தே பதினோரு வருஷம்..."

"அதனாலதான்டா கிளம்பச் சொல்றேன்."

படகில் தொங்கவிட ஒரே ஒரு அட்டைதான் இருந்தது. 'காபி நேரம்' என்ற அந்த அட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள்.

சுகாதார நிலைய வாசலில் எல்லோரையும் போல இருவரும் காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டார்கள். காத்திருப்போர் நாற்காலியில் ஊர்ப் பாதிரியார் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். யார் வீட்டில் ஞானஸ்நானம் என்றாலும் முதல் கேக் துண்டு அவருக்குத்தான். பலன் அவர் ரத்தத்தில் தெரிந்தது. வரவேற்பு மேசையில் இருந்த மாய்பிரிட் தலையசைத்து இருவரையும் உள்ளே அனுப்பினார்.

"சிஸ்டர், நான் ஏமாத்திட்டேன்" என்றார் எவர்ட், உட்காராமலே. "அந்தக் கோடு என்னுது இல்ல, இவனுது. சான்றிதழ் போனாப் போகட்டும். முதல்ல இவனைப் பாருங்க."

குன்வோர் கோபப்படவில்லை. மேசை மேல் ஹில்டிங்கின் பெயர் அச்சிட்ட கோப்பு ஒன்று தயாராக இருந்தது. நிலையம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று எவர்ட் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். ஹில்டிங்கின் காலுறையைக் கழற்றினால், குதிகாலில் ஒரு புண்.

"இது வலிக்கலையா?" என்று கேட்டார் குன்வோர்.

"கொஞ்சமும் இல்ல" என்றார் ஹில்டிங் பெருமையாக.

"வலிக்கணும். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இந்தக் கால்ல சறுக்குக்கட்டை கட்டியிருக்க முடியாது. இப்ப வந்துட்டீங்கல்ல, ஆற வச்சிடுவேன். அடுத்த பனிக்காலத்துக்கு நீங்க தொண்ணூறு கிலோமீட்டரும் போறீங்க." நாளைக்கு வானிலை எப்படி என்று சொல்வது போலச் சொன்னார். ஹில்டிங் யாரும் சொல்லாமலே மற்றக் காலுறையையும் கழற்றினார்.

பிறகு எவர்டின் விரலில் ஒரு குத்து. ஆறு புள்ளி இரண்டு.

"இதுக்கு என்ன பண்ணீங்க?"

"முட்டைக்கோஸ்" என்றார் எவர்ட் கசப்புடன்.

குன்வோர் ஒரு புதிய சென்சாரை எடுத்து, தன் கையாலேயே எவர்டின் கையில் அழுத்தி ஒட்டினார். "இன்னைக்குப் பதினாலாம் தேதி. இருபத்தெட்டு வரைக்கும் இப்படியே இருங்க. டாக்டர்கிட்ட நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

"ஏமாத்தினதுக்குத் தண்டனை?"

"ஹில்டிங் தினமும் நடக்கணும். தனியா நடக்க மாட்டாராம்ல?"

வெளியே வந்து, வரவேற்பு மேசைக்குக் கீழே குனிந்து இருவரும் நீல உறைகளைக் கழற்றினார்கள். எவர்டுக்கு மனசு லேசாகியிருந்தது. "பாத்தியா?" என்று கிசுகிசுத்தார். "பாவம், அவங்களுக்குத் துளிகூடச் சந்தேகம் வரல. நானா சொன்னதாலதான் தெரிஞ்சுது."

குனிந்திருந்த இருவரும் மாய்பிரிட்டின் கண்ணில் படவில்லை. பாதிரியார் கோட்டை மாட்டப் போன நேரம் பார்த்து அவர் மேசைப் போனை எடுத்தார்.

"சிஸ்டர், அடுத்தது பாதிரியார். பெட்டியைக் குடுக்கும்போது, 'சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவர் கையில ஒட்டிடாதீங்க'ன்னு மறக்காம சொல்லிடுங்க, அந்த மனுஷனும் ஆறு வருஷமா ரத்தப் பரிசோதனைக்கு வரல."